தீபத்துக்குப் போன டிரான்ஸ்பார்மர்

லைன்மேன் கவுஸ் பாஷா ஒன்று சொன்னால் அது சொன்னதுதான் என்று கீழ்பென்னாத்தூர் ரோட்டுக் கிராமங்கள் பதினொன்றும் நம்பின. நம்பும்படிதான் அவரும் நடந்துகொண்டார். நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பி கட்டுகிறேன் என்றால் பத்து மணிக்குக் கம்பத்தின் மேல் இருப்பார். ஆபீஸில் மற்றவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. ஒருத்தர் சொன்ன நேரத்துக்குப் போனால் மற்றவர்களும் ஏன் போகவில்லை என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா?

தீபத் திருவிழாவில் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. தேர் வருவதற்கு முன்னால், வீதியின் குறுக்கே போகும் மின்கம்பிகளை அவிழ்த்துவிட வேண்டும். தேர் தாண்டியதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பதினாலு வருஷமாக அண்ணாமலையார் தேருக்கு முன்னால் ஏணியோடு நடந்தவர் கவுஸ் பாஷாதான். சாமிக்கே வழி விடுற ஆளு என்று பூக்கடைக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். கிண்டல்தான் என்றாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

எண்பத்திரண்டாம் வருஷம் கொடியேற்றத்துக்கு முதல் நாள் தேரோடும் வீதியின் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. எரியாமல் என்ன செய்யும்? அந்த வருஷம் மட்டும் அந்த வீதியில் மூன்று புது லாட்ஜ்கள் முளைத்திருந்தன. மூன்றுக்கும் மேலதிகாரிகளிடம் கேட்காமலே லைன் கொடுத்திருந்தார் செக்ஷன் ஆபீசர் சக்கரபாணி. ஏன் கொடுத்தார் என்பது லாட்ஜ்காரர்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. கவுஸ் பாஷா இரண்டு தடவை, "லோடு ஜாஸ்தி சார், தாங்காது" என்று சொல்லிப் பார்த்தார். சக்கரபாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அதே சக்கரபாணி வியர்த்து வழிந்துகொண்டு அவரைக் கூப்பிட்டார்.

"பாஷா, புதுசு கேட்டு எழுதுனா வர்றதுக்கு மூணு வாரம் ஆவும். தீபத்துக்கு வீதி இருட்டா கிடந்தா என்னைத் தொலைச்சுடுவாங்க. கல்லேரிப்பட்டு டிரான்ஸ்பார்மரை எறக்கினு வந்துடு. பத்து நாள். தீபம் முடிஞ்ச மறுநாள் திருப்பி ஏத்திடலாம்."

"ஆர்டர் இல்லாம எப்படி சார் எறக்குறது?"

"நான் சொல்றேன் இல்ல? காயிதத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

வேறு எந்த ஆபீசர் சொல்லியிருந்தாலும் கவுஸ் பாஷா நகர்ந்திருக்க மாட்டார். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், கம்பத்தில் ஷாக் அடித்து வயலில் விழுந்து கிடந்த அவரைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் முக்கால் மைல் நடந்தவர் இதே சக்கரபாணி. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோளை கவுஸ் பாஷா மறக்கவில்லை. மறக்கக் கூடியதா அது?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி நசீமா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "சார் எழுத்துல குடுத்தாரா?"

"அவருகிட்டப் போய் எழுத்துல கேக்கச் சொல்றியா?" என்று சிடுசிடுத்தார். முறத்தைத் தட்டிய தட்டில் அவள் பதில் இருந்தது.

கல்லேரிப்பட்டில் டிரான்ஸ்பார்மர் என்பது லேசான சாமான் இல்லை. ஆறு வருஷம் மனு கொடுத்து, வேலூருக்கு நடையாய் நடந்து, எண்பதாம் வருஷம் தையில்தான் அது ஊருக்கு வந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அது ஏறி உட்கார்ந்த அன்று ஊர்ப் பெண்கள் அதன் முன்னால் பொங்கல் வைத்தார்கள். அந்த வருஷமே கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளையெல்லாம் சந்தையில் விற்றுவிட்டார்கள். மோட்டார் இருக்கும்போது மாட்டுக்கு எதற்குத் தண்டமாகத் தீனி? திரௌபதியும் தன் ஜோடி மாட்டை விற்றுத்தான் ஐந்து எச்.பி. மோட்டார் வாங்கினாள். அவள் புருஷன் பலராமன் லாரி ஓட்டப் போய் வருஷத்துக்கு ஒரு தரம் தலைகாட்டுகிற ஆள். ஒன்றரை ஏக்கரும் கிணறும் அவள் தலையில்தான்.

கவுஸ் பாஷா லாரியோடும் சங்கிலியோடும் போய் இறங்கியதும் ஊர் கூடிவிட்டது. முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பியிருக்கிறது, வயலில் ஈரம் இருக்கிறது, பத்து நாளைக்கு மோட்டாருக்கு வேலையே இல்லை. வீட்டில் பத்து நாள் மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவுதான். தீபத்துக்கு வருகிற லட்சம் ஜனங்களுக்கும் வீதியில் வெளிச்சம் வேண்டாமா?

கூட்டத்தில் திரௌபதி முன்னால் வந்தாள். "சாமி காரியம்னா நாங்க வேணாம்னு சொல்லலை பாய். ஆனா ஆபீசுக்காரங்க எடுத்துனு போன சாமான் எது திரும்பி வந்திருக்குது? யாரு கொண்டாந்து ஏத்துவாங்க?"

"நான் கொண்டாரேன்."

"ஆபீசரு மாட்டேன்னு சொன்னா?"

"அப்பவும் நான் கொண்டாரேன் திரௌபதியம்மா. என்னை நம்பு."

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கானில் உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும். அதைச் செருகினால் ஊருக்குக் கரெண்ட், பிடுங்கினால் இருட்டு. மூன்றையும் திரௌபதி கையில் கொடுத்தார்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். டிரான்ஸ்பார்மர் வந்து ஏறுன அன்னிக்கு உன் கையாலயே எடுத்துக் குடு. நான் செருகறேன்."

அது சட்டத்தில் இல்லாத காரியம். ஆபீஸ் சாமானை வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது. ஆனால் எழுதிக் கொடுக்க அவரிடம் காகிதம் இல்லை, கொடுக்க வேறு எதுவும் இல்லை. ஊர் அதற்கு மசிந்தது. திரௌபதி பீங்கான் கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். கீழே இறக்கிய டிரான்ஸ்பார்மருக்குப் பெண்கள் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டி, அண்ணாமலையாருக்கு அரோகரா சொல்லி, கல்யாணப் பெண்ணை அனுப்புகிற மாதிரி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

டவுனில் அதைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்னால் சக்கரபாணி வந்து சுற்றிப் பார்த்தார். "மஞ்சளும் குங்குமமும் இன்னா பாஷா இது? மந்திரி வர்றாரு. பெயின்ட் அடிச்சு ஏத்து. ரெண்டு டிரான்ஸ்பார்மர் நம்பர் பிளேட்டையும் கழட்டி என்கிட்டக் குடு, பெயின்ட் பட்டா நம்பர் மறைஞ்சுடும்." கவுஸ் பாஷா தன் கையாலேயே மஞ்சளைத் துடைத்தார். தன் கையாலேயே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். எரிந்துபோன பழையதின் தகட்டையும் கல்லேரிப்பட்டுத் தகட்டையும் கழற்றிக் கொடுத்தார். அந்தச் சந்தடியில் சக்கரபாணி ஒரு காகிதத்தை நீட்டி, "லாரிச் செலவுக்கு ஒரு கையெழுத்துப் போடு" என்றார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கவுஸ் பாஷாவுக்குத் தமிழ் தெரியும், உருது தெரியும். இங்கிலீஷ் தெரியாது. சார் நீட்டினார், இவர் போட்டார்.

தீபம் அமோகமாக நடந்தது. தேர் வந்தது, கம்பியை அவிழ்த்தார், கட்டினார். வீதியில் ஒரு பல்பு கூட அணையவில்லை. சக்கரபாணிக்குக் கோயில் வாசலில் மாலை போட்டார்கள்.

மறுநாள் காலையில் கவுஸ் பாஷா சங்கிலியும் கயிறுமாக ஆபீஸில் போய் நின்றார். "இன்னிக்கா? லாட்ஜில எல்லாம் கூட்டம் இன்னும் கலையலையே" என்றார் சக்கரபாணி. அடுத்த வாரம் போனார். லாரி இல்லை என்றார். அதற்கடுத்த வாரம், புதுசு வந்துகொண்டே இருக்கிறது, அதையே கல்லேரிப்பட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். இப்படியே மார்கழி போனது. கவுஸ் பாஷா கல்லேரிப்பட்டுப் பக்கம் சைக்கிளை விடுவதையே நிறுத்திவிட்டார். வழியில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது?

ஆனால் கடலைக்கு ஆபீஸ் நிலவரம் தெரியாது. மார்கழி முதல் வாரத்தில் திரௌபதி போட்ட வேர்க்கடலை முளைத்துப் பூவெடுத்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையோடு வானம் கையை விரித்துவிட்டது. தை பாதியில் பூக்காம்பு விழுதாக மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் காய் பொக்காகிப் போகும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. இறைக்க மாடும் இல்லை, மோட்டாருக்குக் கரெண்டும் இல்லை. குடத்தில் மொண்டு மொண்டு அவளும் மகளும் எத்தனை பாத்தியை நனைக்க முடியும்?

அவள் டவுனுக்கு வந்து கவுஸ் பாஷாவைப் பிடித்தாள். கோபமாகப் பேசவில்லை. "கட்டை மூணும் பத்திரமா வச்சிருக்கேன் பாய். அரிசிப் பானையிலதான் வச்சிருக்கேன். எப்ப வந்து செருகுவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் அங்கிருந்து நேராக சக்கரபாணியிடம் போய், வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். சக்கரபாணி நிதானமாக, "வேலூருக்கு மனு போயிருக்குது பாஷா. விசாரணைக்கு வர்றாங்க. எல்லாம் அதுல சரியாயிடும், நீ டென்ஷன் ஆவாதே" என்றார். அதுவும் உண்மைதான். ஊர் ஜனங்கள் மனு எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து திரௌபதியுடையது. கவுஸ் பாஷாவுக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. அதிகாரி வந்து கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடலாம், டிரான்ஸ்பார்மரைத் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவாகிவிடும். அப்படி நம்பிய மனுஷனை என்ன சொல்வது?

மாசி பிறந்து நாலாம் நாள், காலை பதினோரு மணிக்கு செக்ஷன் ஆபீஸில் விசாரணை. வேலூரிலிருந்து வந்த அதிகாரி ராஜமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிற மனுஷர். கெட்டவராகத் தெரியவில்லை. சக்கரபாணி அவர் பக்கத்தில் பைலோடு உட்கார்ந்திருந்தார். கவுஸ் பாஷா கதவோரம் நின்றார். எதிரே பெஞ்சில் திரௌபதியும் ஊரிலிருந்து நாலு பேரும்.

திரௌபதி எழுந்து கொடியேற்றத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துப் பழைய புடவைத் துணி மூட்டையை அவிழ்த்து மூன்று பியூஸ் கட்டைகளையும் மேஜையில் வைத்தாள். "இதான் சார் சாட்சி. திருப்பிக் கொண்டாரதுக்கு அடையாளமா லைன்மேன் பாய் என் கையில குடுத்தது."

ராஜமாணிக்கம் ஒரு கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பைலைப் புரட்டி ஒரு காகிதத்தை எடுத்தார். நிதானமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

"இதுல வேற மாதிரி இருக்குதும்மா. கல்லேரிப்பட்டுக்குப் பார்வையிடப் போனப்ப, ஊர்க்காரங்க பியூஸ் கட்டைங்களைப் பிடுங்கி எடுத்துட்டு நேரா கம்பி குடுத்து மோட்டார் ஓட்டியிருந்தாங்க. அதனால டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோச்சு. எரிஞ்சதை எறக்கி ரிப்பேருக்கு அனுப்பிட்டோம். கட்டைங்க கிடைக்கலை. இப்படி எழுதியிருக்குது. கிடைக்காத கட்டைங்களை நீயே கொண்டாந்து மேஜையில வச்சிட்ட."

"யாரு சார் எழுதுனது இதை?"

அதிகாரி காகிதத்தின் அடியைப் பார்த்தார். "கவுஸ் பாஷா, லைன்மேன்."

திரௌபதி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை கவுஸ் பாஷாவால் தாங்க முடியவில்லை. லாரிச் செலவுக்கு என்று போட்ட கையெழுத்து. எரிந்த டவுன் டிரான்ஸ்பார்மர்தான் காகிதத்தில் கல்லேரிப்பட்டு டிரான்ஸ்பார்மர் ஆகியிருந்தது. காகிதத்தின்படி தீபத்துக்கு முன்னால் டவுனில் எதுவுமே எரியவில்லை, மூன்று லாட்ஜுக்கு யார் லைன் கொடுத்தது என்று யாரும் கேட்க வேண்டியதும் இல்லை. தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன் இவரைக் கால்மிதியாக்கிக் கடந்து போயிருந்தார். அதைவிட அவருக்கு வலித்தது, அவள் அந்தக் கையெழுத்தை நம்பிவிட்டாள் என்பதுதான்.

"கையெழுத்து என்னுதுதான் சார்," என்றார். "எழுதுனது நான் இல்ல. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தம்மா சொன்னது அத்தனையும் நிஜம். நல்ல டிரான்ஸ்பார்மரை நான்தான் எறக்கினேன். இப்ப அது தேரோடும் வீதியில ஓடினு இருக்குது. வாங்க, காட்டறேன்."

சக்கரபாணி கோபப்படவில்லை. வருத்தமான முகத்தோடு, "நம்பரைப் பாத்துடலாம் சார். அங்க இருக்கிறது டவுன் டிரான்ஸ்பார்மர்தான்னு தகட்டுல இருக்குது, ரிஜிஸ்டர்லயும் இருக்குது" என்றார். கவுஸ் பாஷாவுக்குத் தான் கழற்றிக் கொடுத்த இரண்டு தகடுகளும் ஞாபகம் வந்தன. சக்கரபாணி எதை எதில் மாற்றித் திருகியிருப்பார் என்று இப்போது தெரிந்தது.

"சார், ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க," என்றார் சக்கரபாணியிடம். "உங்க பேச்சுலதானே நான் போனேன்?"

சக்கரபாணி பைல் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த மழைநாளை நீ மறந்துட்ட போல பாஷா."

ராஜமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் புரிந்ததை எழுத பைலில் இடம் இல்லை. "இங்க பாருப்பா. ரெண்டுல ஒண்ணுதான் நான் எழுத முடியும். இந்த வாக்குமூலம் சரின்னா, ஆபீஸ் சாமானை எடுத்ததுக்கு இந்தம்மா மேல போலீஸ் கேஸ் ஆவும். இது பொய்யின்னா, ஆர்டர் இல்லாம டிரான்ஸ்பார்மரை எறக்குனது நீ, கட்டையை வெளியாளுக்குக் குடுத்தது நீ, பொய்யா எழுதிக் குடுத்ததும் நீ. அவர் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்றதுக்கு ஒரு துண்டுக் காயிதமாவது இருக்குதா?"

இல்லை. நசீமா முறத்தைத் தட்டிய சத்தம் அவர் காதில் கேட்டது.

"நான்தான் சார் எறக்கினேன்," என்றார். "கட்டையைக் குடுத்ததும் நான்தான். அந்தம்மா மேல ஒண்ணும் எழுதாதீங்க."

அப்படியே எழுதினார்கள். இந்தத் தடவை தமிழில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சக்கரபாணி நெஞ்சு நிறைய மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. அன்றே சஸ்பெண்ட். இடுப்பு பெல்ட், கட்டிங் பிளையர், ரப்பர் கையுறை எல்லாவற்றையும் மேஜையில் வைக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே மூன்று பீங்கான் கட்டைகளும் இருந்தன. அவற்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தர், "எங்களுக்காக உங்க வேலையே போச்சே பாய்" என்று கையைப் பிடித்தார். கவுஸ் பாஷாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் ஈரம் சுரந்தது. தன் பேரைத் தான் காப்பாற்றிக்கொண்டுவிட்டதாக ஒரு நிமிஷம் நினைத்தார்.

திரௌபதி மட்டும் தலையைக் குனியவில்லை. மடியிலிருந்து ஒரு கடலைச் செடியை எடுத்தாள். அதிகாரியிடம் காட்டலாம் என்று வேரோடு பிடுங்கி வந்தது. உள்ளே காட்ட யாரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு காயைப் பிடித்து நசுக்கினாள். ஓடு உடைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"கரெண்ட்டு எப்ப வரும் பாய்?"

அவர் பார்வை ஆபீஸ் கதவுக்குப் போனது. ஆர்டர் இல்லாமல் இறக்கியவரைக் கண்டுபிடித்தாகிவிட்டது. தகட்டின்படி கல்லேரிப்பட்டு டிரான்ஸ்பார்மர் ரிப்பேரில் கிடக்கிறது, பைலையும் கட்டியாகிவிட்டது. இனிமேல் அந்த டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒருத்தரும் எழுதப் போவதில்லை. வேலையில் இருந்தாலாவது தினமும் போய் நச்சரித்திருக்கலாம். இப்போது அவரால் ஆபீஸ் வாசலில் கூட நிற்க முடியாது.

"என்னைக் காப்பாத்திட்டீங்க. சரி. போலீஸ் வந்தா வந்திருக்கட்டும், நான் பாத்துக்கினு இருந்திருப்பேன்," என்றாள் திரௌபதி. "பழியைத் தலையில போட்டுக்கிறதுக்கா உங்களை நம்புனோம்? திருப்பிக் கொண்டாரதுக்குத்தானே நம்புனோம்?"

கட்டைகள் சுற்றி வந்த துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.